ஓடுபாதை யாருக்குச் சொந்தம்?

1957 ஏப்ரல் 21. மில்வாக்கி அணிக்கு எதிராகச் சின்சினாட்டி அணி பேஸ்பால் ஆடிக்கொண்டிருந்தது. சின்சினாட்டியின் டான் ஹோக் இரண்டாம் பேஸில், கஸ் பெல் முதல் பேஸில். வாலி போஸ்ட் அடித்த பந்து தரையில் குதித்து, இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு இடையே நின்று காக்கும் ஷார்ட்ஸ்டாப் ஜானி லோகனை நோக்கிப் போனது. அது லோகன் கைக்குப் போனால் ஒரே அடியில் இரண்டு அவுட் விழும் நிலை. மூன்றாம் பேஸை நோக்கி ஓடிய ஹோக் சட்டென்று குனிந்து பந்தை வெறுங்கையால் எடுத்தார்; எடுத்த பந்தை லோகனிடமே தூக்கிப் போட்டார். அடித்த பந்து ஓட்டக்காரர்மேல் பட்டால் அவர் அவுட். அன்றைய விதியில் அதற்குமேல் தண்டனை கிடையாது. ஹோக் ஒருவர் வெளியேறினார், மற்ற இருவரும் தப்பினார்கள். சில நாட்களுக்குள் விதி திருத்தப்பட்டது: இரட்டை அவுட்டைக் கெடுக்கவென்றே ஓட்டக்காரர் அடித்த பந்தில் தலையிட்டால், பந்தை அடித்தவரும் அவுட்.

ஓட்டக்காரரின் குறுக்கீட்டைப் பற்றிய விதிகள் பெரும்பாலும் இப்படித்தான் வளர்ந்தன. யாரோ ஒருவர் ஓட்டையைக் கண்டுபிடிப்பார், அடுத்த பதிப்பில் அது அடைபடும். சாப்ட்பால் இந்த மரபை அப்படியே பெற்றுக்கொண்டது. 1887இல் சிகாகோவின் பாரகட் படகு மன்றத்தில் ஜார்ஜ் ஹான்காக் என்பவர் ஒரு குத்துச்சண்டைக் கையுறையைச் சுருட்டிக் கட்டிப் பந்தாக்கி, துடைப்பக் கட்டையை மட்டையாக்கி ஆடவைத்த உள்ளரங்க விளையாட்டு அது. 1933இல் அமெரிக்க அமெச்சூர் சாப்ட்பால் சங்கம் உருவான பிறகு விதிகள் ஒரு சீருக்கு வந்தன. 1996இல் அட்லான்டாவில் பெண்கள் சாப்ட்பால் ஒலிம்பிக்கில் நுழைந்தது. விதிநூலின் எலும்புக்கூடு பேஸ்பாலுடையது. ஆனால் மைதானம் வேறு. இதை மறந்துவிட்டுக் குறுக்கீட்டு விதியைப் படிப்பவர் பாதியைத்தான் படிக்கிறார்.

பேஸ்பாலில் ஒரு பேஸிலிருந்து அடுத்த பேஸுக்கு 90 அடி. சாப்ட்பாலில் 60 அடிதான். பெண்கள் ஆட்டத்தில் பிட்சர் நிற்கும் தட்டிலிருந்து பேட்டர் நிற்கும் ஹோம் பிளேட்டுக்கு 43 அடி. பந்து மட்டும் பெரியது, சுற்றளவு 12 அங்குலம். இடக்கைப் பேட்டர் ஓட ஆரம்பித்தபடியே பந்தைத் தட்டிவிட்டால், வேகமானவர் 3 வினாடிக்குள் முதல் பேஸைத் தொட்டுவிடுவார். மூன்றாம் பேஸைக் காப்பவர், பந்தை மெல்லத் தட்டி அருகிலேயே விழவைக்கும் பன்ட் அடி வருமென்று பயந்து பேஸுக்கு வெகு முன்னால் வந்து நிற்பார். பிட்சரின் கையைவிட்டுப் பந்து விலகும்வரை ஓட்டக்காரர் பேஸை விட்டுக் கிளம்பக் கூடாது. விலகிய கணமே பாய்வார். இத்தனையும் சேர்ந்து, பந்தும் பீல்டரும் ஓட்டக்காரரும் ஒரே சிறு பரப்பில், ஒரே வினாடியில் சந்திக்க நேர்கிறது. பேஸ்பாலில் எப்போதாவது எழும் வழக்கு, சாப்ட்பாலில் ஒரே ஆட்டத்தில் இரண்டு மூன்று முறை எழலாம்.

முதலில் எல்லையைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். பேட்டிங் அணியைச் சேர்ந்தவர் பீல்டரின் வேலையைக் கெடுத்தால் அது குறுக்கீடு. பந்து கையில் இல்லாத பீல்டர் ஓட்டக்காரரின் வழியில் நின்றால் அது வழிமறிப்பு. குறுக்கீடு நடந்த நொடியில் நடுவர் ஆட்டத்தை நிறுத்துவார், பந்து செத்துவிடும். வழிமறிப்பில் அவர் இடக்கையை மட்டும் நீட்டிக் காட்டிவிட்டு ஆட்டத்தைத் தொடரவிடுவார். முடிந்தபின் ஓட்டக்காரருக்கு உரிய பேஸை வழங்குவார். 2013 பேஸ்பால் உலகத் தொடரின் மூன்றாவது ஆட்டமே வழிமறிப்பில்தான் முடிந்தது. பாஸ்டனின் வில் மிடில்புரூக்ஸ் தரையில் கிடக்க, அவர்மேல் தடுக்கி விழுந்த செயின்ட் லூயிஸின் ஆலன் கிரேக்குக்கு ஹோம் பிளேட் வழங்கப்பட்டு, 5–4 என்று ஆட்டம் தீர்ந்தது. மிடில்புரூக்ஸ் வேண்டுமென்று படுத்திருக்கவில்லை. விதி அதைக் கேட்கவும் இல்லை.

குறுக்கீட்டின் வரையறையில் கவனிக்க வேண்டிய சொற்கள் சில உண்டு. பீல்டரைத் தடுப்பது, அவர் வேலையை இடறச் செய்வது, அவரைக் குழப்புவது: மூன்றில் எதுவும் போதும். உடல் உரச வேண்டியதில்லை என்று அமெரிக்க சாப்ட்பால் விதிநூல் வெளிப்படையாகவே சொல்கிறது. பார்வையாளர்கள் அடிக்கடி தடுமாறும் இடம் இது. “அவள் தொடவே இல்லையே” என்ற கூச்சல் எல்லா மைதானங்களிலும் கேட்கும். தொடாமல் இருந்தது அவளைக் காப்பாற்றாது. பீல்டர் பந்தை எடுக்கும் இடத்துக்கு முன்னால் ஓடிவந்து திடுமென நின்றாலும், குனிய வேண்டிய பீல்டர் ஒரு கணம் தயங்கி ஒதுங்கினாலும் போதும். குரலும் குறுக்கீடாகலாம். 2007 மே 30 அன்று டொரான்டோவில் யாங்கீஸ் அணியின் அலெக்ஸ் ரோட்ரிகஸ், மேலெழும்பிய பந்துக்குக் கீழே காத்து நின்ற ஹோவி கிளார்க்கின் பின்னால் ஓடும்போது கத்தினார். சக வீரர்தான் பந்தைக் கேட்கிறார் என்று நினைத்து கிளார்க் விலக, பந்து தரையில் விழுந்தது. நடுவர்கள் குறுக்கீடு கொடுக்கவில்லை. ‘குழப்புதல்’ என்ற சொல் விதியில் இருக்கும்போது, அதைவிடத் தெளிவான குழப்பம் வேறு என்ன இருக்க முடியும்? அன்று அவுட் கொடுத்திருக்க வேண்டும்.

இனி விஷயத்தின் நடுமையம். குறுக்கீட்டை எடைபோட நடுவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி, ஓட்டக்காரரின் மனதில் என்ன இருந்தது என்பதல்ல. அந்தக் கணத்தில் பந்து எந்த நிலையில் இருந்தது என்பதே. மட்டையில் பட்டு வரும் பந்தா, பீல்டர்மேல் பட்டுத் தெறித்த பந்தா, ஒரு பீல்டர் இன்னொருவருக்கு எறிந்த பந்தா? இந்த மூன்றில் எது என்பதைப் பொறுத்துத் தரையின் உரிமை கைமாறுகிறது.

மட்டையிலிருந்து வரும் பந்தென்றால் தரை பீல்டருக்குச் சொந்தம். ஓட்டக்காரர் தன் நேர்ப்பாதையில்தான் ஓடினார் என்பது பதிலாகாது. அவர்தான் விலக வேண்டும். அப்படி விலகும்போது பாதையைவிட்டு 3 அடிக்கு மேல் போனாலும், பாதை தவறியதற்காக அவரை அவுட்டாக்க மாட்டார்கள். உரிமையைப் பறித்த விதியே சுற்றிப்போக வழியும் விட்டிருக்கிறது. இங்கே எண்ணம் பார்க்கப்படுவதில்லை. இரண்டாம் பேஸிலிருந்து மூன்றாம் பேஸுக்கு ஓடும் சிறுமி, பந்தைப் பார்க்காமலேயே ஷார்ட்ஸ்டாப்மேல் மோதிவிட்டால் அவள் அவுட். பந்து செத்தது, மற்ற ஓட்டக்காரர்கள் கடைசியாகத் தொட்ட பேஸுக்குத் திரும்புவார்கள், அடித்தவருக்கு முதல் பேஸ் கிடைக்கும். இரட்டை அவுட்டைக் கெடுக்கும் வெளிப்படையான முயற்சி என்று நடுவர் கருதினால் இன்னொருவரும் சேர்ந்து போவார். ஹோக்கின் நிழல் அந்த வரியில் இன்னும் இருக்கிறது.

இந்தக் கடுமை சரிதானா? சரிதான். பீல்டர் கண்ணைப் பந்தின்மேல் வைத்தாக வேண்டும். எங்கே துள்ளும் என்று தெரியாத பந்தைத் துரத்தும்போது பக்கவாட்டில் யார் வருகிறார் என்று பார்க்க அவருக்கு வழியில்லை. ஓட்டக்காரருக்கோ முன்னால் நடப்பது முழுதும் தெரியும். மோதலைத் தவிர்க்கும் வாய்ப்பு யாரிடம் அதிகமோ அவரிடம் பொறுப்பை வைப்பதுதான் நியாயம். 60 அடி மைதானத்தில் இது உடல் பாதுகாப்புக்கான விதியும்கூட.

ஆனால் அந்தச் சலுகை எல்லாப் பீல்டர்களுக்கும் கிடையாது. ஒரு பந்துக்கு ஒருவர்தான். பிட்சர், மூன்றாம் பேஸ்காரர், ஷார்ட்ஸ்டாப் மூவரும் ஒரே பந்தை நோக்கி ஓடினால், அதை எடுக்க யாருக்கு அதிக வாய்ப்பு என்று நடுவர் முடிவெடுப்பார். பாதுகாப்பு அவருக்கு மட்டும். மற்ற இருவரில் ஒருவர்மேல் ஓட்டக்காரர் மோதினால் அது வழிமறிப்பாகி, தீர்ப்பு நேர்எதிராகத் திரும்பும். ஒரே மோதல், ஒரே வேகம், ஒரே விழுதல்; யார்மேல் மோதினார் என்பது மட்டுமே வேறு.

அடித்த பந்து விதியின் கூர்மை எவ்வளவு என்பதற்கு 2024 மே 23 அன்று சிகாகோவில் நடந்தது சாட்சி. ஒயிட் சாக்ஸ் அணி கடைசி இன்னிங்ஸில் ஓரியோல்ஸைத் துரத்திக்கொண்டிருந்தது. ஆண்ட்ரூ பெனின்டென்டி அடித்த பந்து உள்வட்டத்துக்கு மேலே செங்குத்தாக எழும்பியது. நடுவர்கள் இன்பீல்ட் பிளை என்று அறிவித்தார்கள். அதாவது பந்து பிடிபட்டாலும் படாவிட்டாலும் அடித்தவர் அவுட். இரண்டாம் பேஸுக்குத் திரும்பிக்கொண்டிருந்த ஆண்ட்ரூ வான், பந்தைப் பிடிக்க வந்த கன்னர் ஹெண்டர்சனின் வழியில் இருந்தார். ஹெண்டர்சன் பந்தைப் பிடித்தும்விட்டார். ஆனாலும் வான் குறுக்கிட்டதாக அவுட், ஆட்டம் முடிந்தது, 8–6. எழுத்தின்படி பார்த்தால், பீல்டர் தன் பாதையை மாற்ற வேண்டியிருந்ததா என்பதுதான் கேள்வி, பிடித்தாரா என்பதல்ல. எனினும், எளிதாகப் பிடிபட்ட பந்துக்கு ஓர் ஆட்டத்தையே முடிப்பது விதியின் நோக்கத்தைத் தாண்டியது. குறுக்கீடு என்றால் ஏதோ ஒன்று கெட்டிருக்க வேண்டும். அங்கே எதுவும் கெடவில்லை.

ஓட்டக்காரர் தனக்குரிய பேஸைத் தொட்டபடி நின்றால் நிலைமை மாறும். அங்கிருந்து அவரை விரட்ட முடியாது. வேண்டுமென்றே கெடுத்தால் ஒழிய அவர் அவுட் இல்லை. இரண்டாவது நிலையான தெறித்த பந்திலும் இதே போன்ற தளர்வு உண்டு. பீல்டர் முதல் முயற்சியில் பந்தைத் தவறவிட்டு, அது காலடியிலேயே, ஓர் அடி எடுத்துவைத்துக் கைநீட்டினால் எட்டும் தொலைவில் கிடந்தால் அவருடைய உரிமை நீடிக்கும். அதற்கப்பால் உருண்டுவிட்டால் ஓட்டக்காரர் வேண்டுமென்றே தலையிடாதவரை குற்றமில்லை. பீல்டர்மேல் பட்டுத் திசைமாறி, விலக வழியில்லாமல் தன்மேல் பட்ட பந்துக்கும் ஓட்டக்காரர் பொறுப்பில்லை.

தெறித்த பந்து எவ்வளவு வேகமாகத் திசைமாறும் என்பதை டோக்கியோ ஒலிம்பிக் இறுதியாட்டத்தைவிட நன்றாகக் காட்டியது எதுவுமில்லை. 2021 ஜூலை 27, ஆறாவது இன்னிங்ஸ், அமெரிக்காவின் இருவர் பேஸில். அமண்டா சிடெஸ்டர் விளாசிய பந்து மூன்றாம் பேஸைக் காத்த யமமோட்டோ யூவின் கையில் பட்டுத் தெறித்தது. ஷார்ட்ஸ்டாப் அட்சுமி மனா அதைத் தரையில் விழவிடாமல் பிடித்து, இரண்டாம் பேஸுக்கு எறிந்து, கிளம்பிவிட்ட ஓட்டக்காரரையும் வீழ்த்தினார். ஜப்பான் 2–0 என்று தங்கம் வென்றது. அங்கே யாரும் குறுக்கிடவில்லை. ஆனால் அந்தப் பந்து சற்றே வேறு கோணத்தில் தெறித்து ஓட்டக்காரர்மேல் பட்டிருந்தால், விலக அவருக்கு நேரமே இருந்திருக்காது. தெறித்த பந்துக்கு ஓட்டக்காரரைப் பொறுப்பாக்காத விதியின் நியாயம் அந்த ஒரு நொடியில் விளங்குகிறது.

மூன்றாவது, எறியப்பட்ட பந்து. இங்கே தரை ஓட்டக்காரருக்குத் திரும்பி வருகிறது. தன் பாதையில் ஓடும் ஒருவர் முதுகில் எறிபந்து பட்டால் அவர் தப்பு செய்தவரல்ல. பீல்டர் வேறு கோணத்தில் எறிந்திருக்க வேண்டும். வேண்டுமென்றே தலையிட்டால்தான் அவுட். இந்தியக் கிரிக்கெட் ரசிகருக்கு இது பழகிய தர்க்கம். 2024 மே 12 அன்று சேப்பாக்கத்தில் ராஜஸ்தானுக்கு எதிராக ரவீந்திர ஜடேஜா, சஞ்சு சாம்சன் எறிந்த பந்துக்குக் குறுக்கே திசைமாறி ஓடினார் என்று மூன்றாம் நடுவர் அவுட் கொடுத்தார். கிரிக்கெட்டின் 37ஆவது விதி வேண்டுமென்றே செய்ததைத்தான் தண்டிக்கிறது, ஓடும் கோடு மாறியதே அங்கே சான்றாயிற்று. சாப்ட்பால் நடுவரும் எறிபந்து வழக்கில் அதையேதான் தேடுவார்: கை நீண்டதா, இடுப்பு அசைந்ததா, ஓடும் கோடு காரணமில்லாமல் வளைந்ததா?

இடுப்பு அசைந்த கதை ஒன்று உண்டு. 1978 அக்டோபர் 14, உலகத் தொடரின் நான்காவது ஆட்டம், யாங்கி மைதானம். லூ பினியெல்லா அடித்த பந்தை டாட்ஜர்ஸின் பில் ரசல் கைநழுவவிட்டு, எடுத்து, இரண்டாம் பேஸை மிதித்துவிட்டு முதல் பேஸுக்கு எறிந்தார். இரு பேஸ்களுக்கும் நடுவே நின்றுவிட்ட யாங்கீஸ் ஓட்டக்காரர் ரெஜி ஜாக்சனின் இடுப்பில் பந்து பட்டு ஓடியது; அவருக்கு முன்னால் இருந்த ஓட்டக்காரர் தர்மன் மன்சன் ஓடிவந்து ஓட்டம் எடுத்தார். டாட்ஜர்ஸ் மேலாளர் டாமி லசோர்டா எவ்வளவு வாதாடியும் நடுவர்கள் அசையவில்லை. பத்தாவது இன்னிங்ஸில் யாங்கீஸ் 4–3 என்று வென்றது. பிறகு தொடரையும் வென்றது. பதிவைப் பார்த்தால், பந்து வரும் திசைக்கு ஜாக்சன் இடுப்பை நகர்த்துவது தெரிகிறது.

ஜாக்சன் வழக்கில் இன்னொரு முடிச்சும் இருக்கிறது. ரசல் பேஸை மிதித்தபோதே ஜாக்சன் அவுட்டாகிவிட்டார். அவுட்டானவரை மறுபடி எப்படி அவுட்டாக்குவது? சாப்ட்பால் விதி இதற்கு நேரடியாகப் பதில் சொல்கிறது: அவுட்டானவரோ ஓட்டம் எடுத்து முடித்தவரோ இன்னொரு ஓட்டக்காரரை அவுட்டாக்கும் முயற்சியைக் கெடுத்தால், ஹோம் பிளேட்டுக்கு மிக அருகில் உள்ள ஓட்டக்காரர் அவுட். அமெரிக்க சாப்ட்பால் விதி இங்கே எண்ணத்தைக் கேட்பதில்லை. அவுட்டான பிறகும் ஓடிக்கொண்டே இருந்து, பீல்டரைத் தன்பக்கம் எறியவைப்பதையும் குறுக்கீடாகக் கருதலாம் என்றும் சேர்த்திருக்கிறது. மூன்றாம் ஸ்டிரைக்கைக் கேட்சர் தவறவிட்டபோது முதல் பேஸுக்கு ஓடும் பேட்டருக்கு மட்டும் விலக்கு. தான் அவுட் என்றே தெரியாமல் ஓடும் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு இது கடுமை. யார் அவுட், யார் இல்லை என்று தெரிந்துவைத்திருப்பது பீல்டர்களின் வேலையும்தான். ‘கருதலாம்’ என்ற சொல்லில் உள்ள நெகிழ்வைப் பள்ளி ஆட்டங்களில் நடுவர்கள் தாராளமாகப் பயன்படுத்த வேண்டும்.

பிடித்த பந்தைக் கையிலிருந்து தட்டிவிடுவதில் சந்தேகத்துக்கே இடமில்லை. 2004இல் பாஸ்டனுக்கு எதிராக அதே ரோட்ரிகஸ், பிரான்சன் அரோயோவின் கையுறையைத் தட்டிப் பந்தை உதிரவைத்தார். நடுவர்கள் கூடிப்பேசி அவரை அவுட்டாக்கி, சக ஓட்டக்காரர் டெரெக் ஜீட்டரை முதல் பேஸுக்கே திருப்பினார்கள். பந்தோடு காத்திருக்கும் பீல்டர்மேல் நிமிர்ந்தபடி இடித்துச் செல்வதும் சாப்ட்பாலில் அவுட். மூர்க்கமாக இருந்தால் ஆட்டத்தைவிட்டே வெளியேற்றம்.

முதல் பேஸுக்கான பாதை தனி வழக்கு. ஹோமிலிருந்து முதல் பேஸுக்குப் போகும் தூரத்தின் பின்பாதியில், கோட்டுக்கு வெளியே 3 அடி அகலத்தில் ஓர் ஓட்டத்தடம் வரையப்பட்டிருக்கும். அதற்கு வெளியே ஓடி, பந்தைப் பிடிக்க நிற்பவருக்கு இடைஞ்சல் செய்தால் பேட்டர் அவுட். 2019 உலகத் தொடரின் ஆறாவது ஆட்டத்தில் வாஷிங்டனின் டிரே டர்னர் இப்படித்தான் மாட்டினார். எதிரணிப் பிட்சர் பிராட் பீகாக் எறிந்த பந்து டர்னர்மேல் பட, முதல் பேஸைக் காத்த யூலி குரியெலின் கையுறை கழன்று விழுந்தது. நடுவர் தீர்ப்பால் டர்னர் அவுட். கத்தித் தீர்த்த மேலாளர் டேவ் மார்ட்டினெஸ் வெளியேற்றப்பட்டார். ஆனால் டர்னர் பேஸை நோக்கி நேர்க்கோட்டில்தான் ஓடினார். பேஸ் முழுவதும் கோட்டுக்கு உள்ளே இருக்க, ஓடும் தடம் கோட்டுக்கு வெளியே இருந்தது. தடத்திலேயே ஓடி முடித்தால் பேஸைத் தொட முடியாது. 2024இல்தான் பேஸ்பால் நிர்வாகம் கோட்டுக்கு உட்புறமிருந்த மண்பரப்பையும் தடத்தோடு சேர்த்தது.

இந்த ஒரு விஷயத்தில் சாப்ட்பால் வெகுகாலத்துக்கு முன்பே முந்திவிட்டது. முதல் பேஸையே இரட்டையாக்கி, வெள்ளைப் பாதியைக் கோட்டுக்கு உள்ளேயும் ஆரஞ்சுப் பாதியை வெளியேயும் வைத்தார்கள். பீல்டருக்கு வெள்ளை, ஓடிவரும் பேட்டருக்கு ஆரஞ்சு. கணுக்கால் காயங்களைத் தவிர்க்க வந்த ஏற்பாடு, குறுக்கீட்டுத் தகராறையும் குறைத்துவிட்டது. விதிநூலில் பத்து வரி கூட்டுவதைவிட, தரையில் இன்னொரு பேஸ் பதிப்பது எவ்வளவோ மேல்.

ஹோம் பிளேட்டின் முன்னால் நிலைமை அவ்வளவு சுத்தமில்லை. பன்ட் அடித்துவிட்டு ஓடத் தொடங்கும் பேட்டரும் பந்தை எடுக்கப் பாயும் கேட்சரும் ஒரே இடத்தில் முட்டிக்கொள்வார்கள். 1975 உலகத் தொடரில் சின்சினாட்டிப் பேட்டர் எட் ஆம்பிரிஸ்டரும் பாஸ்டன் கேட்சர் கார்ல்டன் பிஸ்க்கும் அப்படி மோதியபோது நடுவர் லாரி பார்னெட் குறுக்கீடு கொடுக்கவில்லை. பிஸ்க்கின் எறி தவறிப்போய், சின்சினாட்டி 6–5 என்று வென்றது. இருவரும் தத்தம் வேலையைச் செய்கையில் நேரும் முதல் உரசல் யார் குற்றமுமல்ல என்பதே இன்றைய பேஸ்பால் நிலைப்பாடு. பன்ட் மிகுந்த சாப்ட்பாலிலும் இந்த நிதானம் தேவை.

இவ்வளவும் பந்தைச் சுற்றிய குறுக்கீடு. தன் அணியைச் சேர்ந்தவரே ஓட்டக்காரரைத் தொட்டு உதவுவதும் விதிக்கு விரோதமே. 2008 ஏப்ரல் 26 அன்று எலன்ஸ்பர்க்கில் நடந்த கல்லூரி சாப்ட்பால் ஆட்டத்தை உலகமே பேசியது. வெஸ்டர்ன் ஒரேகானின் சாரா டக்கோல்ஸ்கி வேலிக்கு மேலே பந்தை அனுப்பினார். முதல் பேஸைத் தொடாமல் கடந்ததை உணர்ந்து திரும்பியபோது முழங்கால் மடங்கி விழுந்தார். பயிற்சியாளரோ சக வீராங்கனைகளோ தொட்டால் அவர் அவுட் என்றார்கள் நடுவர்கள். மாற்று ஓட்டக்காரரை இறக்கினால் ஹோம் ரன் கணக்காகாது என்றும் சொன்னார்கள். எதிரணியான சென்ட்ரல் வாஷிங்டனின் மல்லரி ஹோல்ட்மனும் லிஸ் வாலஸும் அவரைத் தூக்கிக்கொண்டு, ஒவ்வொரு பேஸிலும் அவர் காலைத் தொடவைத்துச் சுற்றிவந்தார்கள். தங்களுக்கு எதிரான ஓட்டத்தைத் தாங்களே சுமந்த அவர்கள் 4–2 என்று தோற்றார்கள்.

அந்தப் பெண்களின் பெருந்தன்மைக்கு எந்தக் குறையும் வராமல் ஒன்றைச் சொல்ல வேண்டும்: அன்று நடுவர்கள் விதியைத் தவறாகச் சொல்லிவிட்டார்கள். வழங்கப்பட்ட பேஸ்களுக்குப் போக முடியாதபடி ஓட்டக்காரருக்குக் காயம் பட்டால் மாற்று ஆள் அவற்றைச் சுற்றி முடிக்கலாம் என்று கல்லூரி விதிநூல் ஏற்கெனவே சொல்லியிருந்தது. ஹோம் ரன் ஹோம் ரன்னாகவே நின்றிருக்கும்.

நடுவர் இப்படித் தவறினால் என்ன செய்யலாம்? சாப்ட்பாலில் நடுவரின் கணிப்பை எதிர்த்து முறையீடு செய்ய முடியாது. பீல்டருக்கு இடைஞ்சல் இருந்ததா, ஓட்டக்காரர் வேண்டுமென்று செய்தாரா என்பது கணிப்பு. அதில் அவர் சொல்வதே முடிவு. விதியைத் தவறாகப் பொருத்தினால் முறையிடலாம். எறிபந்து தற்செயலாகப் பட்டது என்று நடுவரே ஒப்புக்கொண்டு அவுட் கொடுத்தால், அல்லது மற்ற ஓட்டக்காரர்களைத் தவறான பேஸில் நிறுத்தினால், அது முறையீட்டுக்குரியது. எனவே பயிற்சியாளர் நடுவரிடம் போய் “அவள் தொடவில்லை” என்று வாதாடுவதில் பயனில்லை. “நீங்கள் பார்த்தது அடித்த பந்தா, எறிந்த பந்தா? எந்த விதியின்படி அவுட்?” என்று கேட்க வேண்டும். அதையும் பிட்சர் அடுத்த பந்தை வீசுவதற்குள் கேட்டாக வேண்டும். பந்து வீசப்பட்டுவிட்டால் அந்த உரிமை போய்விடும்.